பல் மருத்துவ ஆசிரியர் எதைக் கற்க வேண்டும், யாரோடு கற்க வேண்டும்?

பல் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்து ஓராண்டு ஆகிறது, சிகிச்சை செய்வதில் நம்பிக்கை இருக்கிறது, கற்பிப்பதில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பயிலரங்கு, இணையவழிச் சான்றிதழ், மருத்துவக் கல்வியில் முதுநிலைப் பட்டம் என்று மூன்று வழிகளையும் குறிப்பிட்டு, எதில் சேர்வது, சேர்ந்தால் உண்மையிலேயே பயன் உண்டா என்று கேட்கிறீர்கள்.

பயன் உண்டு. ஆனால் இந்த மூன்றுக்கும் ஒரு பொதுக் குணம் இருக்கிறது. தனியாகப் போகிறீர்கள், தனியாகக் கற்கிறீர்கள், தனியாகத் திரும்பி வருகிறீர்கள். திரும்பி வரும் இடத்தில் எதுவும் மாறியிருக்காது. பல் மருத்துவ ஆசிரியருக்கு அதிகப் பலன் தரும் பயிற்சி, அதே கிளினிக்கில் தன்னோடு நிற்கும் மற்ற ஆசிரியர்களோடு உட்கார்ந்து செய்யும் பயிற்சிதான் என்பது என் கருத்து. அதற்குக் கட்டணம் கிடையாது, சான்றிதழும் கிடையாது. அதனாலேயே பலர் அதைப் பயிற்சியாக எண்ணுவதில்லை. முதலில் அதைச் சொல்லிவிட்டு உங்கள் மூன்று வழிகளுக்கு வருகிறேன்.

ஒரு மாணவி கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்றில் ஆழமான சொத்தையை எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று வையுங்கள். பல் உயிரோடு இருக்கிறது. தன்னிச்சையான வலி இல்லை. எக்ஸ்ரேயில் சொத்தை பற்கூழை (பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் இருக்கும் மென்திசுவை) நெருங்கி நிற்கிறது. மேற்பார்வையிடும் ஆசிரியர், “அடியில் மென்மையாக எதுவும் இருக்கக் கூடாது, முழுவதும் எடுத்துவிடம்மா” என்கிறார். அவர் வகுப்புக்குப் போனதும் வந்த இன்னொருவர், “ஓரங்களைச் சுத்தமாக்கு, பற்கூழுக்கு மேலே இருப்பதைத் தொடாதே” என்கிறார். இன்றைய நிலைப்பாடு இரண்டாமவர் சொன்னது. சொத்தை குறித்த பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2016-இல் வெளியிட்ட பரிந்துரைகள், பற்கூழ் திறந்துவிடாமல் காப்பதற்காக அந்த ஆழத்தில் மென்மையான டென்டினை (எனாமலுக்கு அடியில் இருக்கும் பல்லடுக்கை) விட்டுவைத்து, சுற்றியுள்ள ஓரங்களைக் கடினமான பரப்பு வரை சுத்தம் செய்து, இறுக்கமாக அடைக்கச் சொல்கின்றன. முதலாமவரைக் குறை சொல்லவும் முடியாது. அவர் மாணவராக இருந்தபோது அதுதான் பாடம். ஆனால் இருவரும் இதைப் பற்றித் தங்களுக்குள் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. மாணவி இதிலிருந்து கற்பது சொத்தையைப் பற்றி அன்று. எந்த ஆசிரியரின் முறை வரும்போது எந்தப் பதிலைச் சொல்ல வேண்டும் என்பதைத்தான்.

இந்த முரண்பாட்டைத் தீர்த்து, ஆசிரியர்களின் மதிப்பீட்டு அளவுகோலை ஒன்றாக்கும் வேலையைத்தான் காலிபரேஷன் என்கிறோம். பெயர் பெரிதாக இருந்தாலும் செய்முறை எளிது. மாணவர்கள் டைபோடாண்ட் என்ற செயற்கைப் பல்வரிசை மாதிரியில் வெட்டிய இரண்டாம் வகைக் கேவிட்டிகள் (பின்பற்களில், பக்கத்துப் பல்லை ஒட்டிய பகுதியில் வெட்டும் குழிகள்) பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர்களை நீக்கிவிட்டு எண் ஒட்டுங்கள். துறையில் உள்ள எல்லா ஆசிரியர்களும், ஒருவரோடு ஒருவர் பேசாமல், வழக்கமான மதிப்பெண் தாளிலேயே மதிப்பெண் போடட்டும். பிறகு தாள்களை மேசையில் பரப்பி, எந்தப் பல்லில் அதிக வேறுபாடு என்று பாருங்கள். அந்த ஒரு பல்லை மட்டும் கையில் எடுத்துப் பேசுங்கள். அதன் பக்கத்துப் பல்லில் பர் (வெட்டும் சுழல்முனை) பட்டுக் கீறியிருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் அதற்கு ஒரு மதிப்பெண் குறைத்திருப்பார், இன்னொருவர் தோல்வி என்றே போட்டிருப்பார். இருவருக்கும் காரணம் இருக்கும். டைபோடாண்ட் பல்லை மாற்றிக்கொள்ளலாம் என்பது ஒருவர் வாதம். நோயாளியின் வாயில் அந்தக் கீறல் இன்னொரு சொத்தைக்கு இடம் கொடுக்கும் என்பது மற்றவர் வாதம். கற்பித்தலின் நோக்கம் என்ன என்ற கேள்வி அந்த இடத்தில்தான் உண்மையாக எழுகிறது. பயிலரங்கில் திரையில் காட்டப்படும் நோக்கப் பட்டியலில் அது எழுவதில்லை.

இரண்டு வாரம் கழித்து அதே பற்களை வரிசை மாற்றி மீண்டும் கொடுங்கள். இந்த முறை ஒவ்வொருவரும் தம்முடைய பழைய மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளட்டும். மற்றவரோடு ஒத்துப்போகாததைவிட, தன்னோடே ஒத்துப்போகாததைப் பார்ப்பது கூச்சமான அனுபவம். அந்தக் கூச்சம் நல்லது. மூத்த பேராசிரியர்களும் அதில் பங்கெடுத்தால்தான் இளையவர்கள் வாய்திறப்பார்கள்.

எண்களைப் பார்க்கும்போது ஒரு பொறி இருக்கிறது. நீங்களும் உங்கள் சகாவும் பத்தில் ஒன்பது மாணவர்களுக்குத் தேர்ச்சி கொடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் என்றால், பல்லைப் பார்க்காமலே போட்டாலும் உங்கள் முடிவுகள் 82 விழுக்காடு ஒத்துப்போகும்: இருவரும் தேர்ச்சி என்பதற்கு 81, இருவரும் தோல்வி என்பதற்கு 1. எனவே “எங்களுக்குள் 85 விழுக்காடு ஒற்றுமை” என்று யாராவது சொன்னால் மகிழ்ந்துவிடாதீர்கள். இந்தத் தற்செயல் பங்கைக் கழித்துப் பார்ப்பதற்காகவே 1960-இல் ஜேக்கப் கோஹன் காப்பா என்ற அளவைக் கொடுத்தார். கணக்குப் போடும் வசதி எந்தப் புள்ளியியல் மென்பொருளிலும் இருக்கிறது. தொடக்கத்தில் அது தேவையும் இல்லை. மேசையைச் சுற்றி நடக்கும் வாக்குவாதம்தான் தேவை.

அடுத்தது, கை நுட்பத்தைக் கற்பிப்பது. இதில்தான் திறமையான மருத்துவர்கள் திணறுகிறார்கள், அதுவும் திறமை காரணமாகவே. உடல்சார்ந்த எந்தத் திறனும் மூன்று கட்டங்களில் படிகிறது என்று 1967-இல் ஃபிட்ஸ், போஸ்னர் என்ற இரு உளவியலாளர்கள் விளக்கினார்கள். முதலில் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்கிறோம். பிறகு அசைவுகள் கோவையாகின்றன. கடைசியில் யோசிக்காமலே கை செய்கிறது. நீங்கள் மூன்றாம் கட்டத்தில் இருக்கிறீர்கள். மேல் கடைவாய்ப்பல்லைக் கண்ணாடியில் பார்த்து வெட்டும்போது அசைவு தலைகீழாகத் தெரியும் என்பது உங்கள் நினைவிலேயே இல்லை. மோதிர விரலை எந்தப் பல்லில் ஊன்றுகிறீர்கள், நோயாளியின் தலையை எப்போது திருப்பச் சொல்கிறீர்கள், கண்ணாடியில் நீர் தெறிக்காமல் எந்தக் கோணத்தில் பிடிக்கிறீர்கள் என்று கேட்டால் செய்து காட்டத்தான் வரும், சொல்ல வராது. மாணவருக்கு வேண்டியது அந்தச் சொல்.

இதற்கு ராட்னி பெய்ட்டன் 1998-இல் முன்வைத்த நான்கு படி முறை கைகொடுக்கும். முதலில் இயல்பான வேகத்தில், பேசாமல் செய்து காட்டுவது. இரண்டாவதாக ஒவ்வொரு படியையும் விளக்கியபடி மெதுவாகச் செய்வது. மூன்றாவதாக மாணவர் சொல்லச் சொல்ல ஆசிரியர் செய்வது. நான்காவதாக மாணவர் தாமே சொல்லிக்கொண்டு செய்வது. நேரமில்லை என்று எல்லோரும் தாண்டிப் போவது மூன்றாம் படியை. என்னைக் கேட்டால் மற்ற மூன்றில் எதை வேண்டுமானாலும் சுருக்கலாம், அதை மட்டும் விடக் கூடாது. மாணவர் சொல்வதை மட்டும், சொன்னபடியே செய்து பாருங்கள். “விரலை ஊன்றுங்கள்” என்று அவர் சொல்லவில்லையா, ஊன்றாமல் நில்லுங்கள். நீங்கள் எதைச் சொல்லிக் கொடுக்கவில்லை என்பது அப்போது தெரிந்துவிடும்.

வேறு துறைச் சகா ஒருவரை அழைத்து, நீங்கள் செயல்முறை காட்டும்போது நிற்க வைப்பதும் நல்ல வழி. ஈறு மருத்துவத்தில் இருப்பவருக்கு நீங்கள் கிரௌனுக்காக (பல்லின் மேல் போடும் உறைக்காக) பல்லை வெட்டும் முறையில் எது பழக்கம், எது காரணத்தோடு செய்வது என்று கேட்கத் தோன்றும். உங்கள் துறைக்காரருக்குத் தோன்றாது.

சிகிச்சை நாற்காலி அருகே கற்பிப்பது இதைவிடக் கடினம். மற்ற மருத்துவத் துறைகளில், நோயாளியின் படுக்கையிலிருந்து பத்தடி தள்ளிப் போய்ப் பேச முடியும். பல் மருத்துவத்தில் நோயாளி விழித்திருக்கிறார், வாய் திறந்திருக்கிறது, பேச முடியாது, ஆனால் எல்லாம் காதில் விழுகிறது. வெட்டிய பல் திரும்ப வளராது. இந்தச் சூழலுக்கு, 1992-இல் குடும்ப மருத்துவத்துறை ஆசிரியர்கள் சிலர் வெளியிட்ட ஐந்து சிறு உத்திகள் நன்றாகப் பொருந்துகின்றன. நெய்ஹர் முதலானோர் எழுதியது. ‘ஒரு நிமிட ஆசிரியர்’ என்ற பெயரில் புழங்குகிறது. மாணவரை முதலில் ஒரு முடிவைச் சொல்ல வைக்க வேண்டும். ஏன் என்று கேட்க வேண்டும். பொதுவான ஒரு விதியைச் சொல்லித் தர வேண்டும். சரியாகச் செய்ததைக் குறிப்பாகப் பாராட்ட வேண்டும். தவறைத் திருத்த வேண்டும். நாற்காலி அருகே இதில் முதல் இரண்டையும் நோயாளி வந்து அமர்வதற்கு முன்பே, கேஸ் ஷீட்டைப் பார்த்தபடி முடித்துவிடலாம். “இன்று என்ன செய்யப் போகிறீர்கள், எந்த இடத்தில் சிக்கல் வரலாம், வந்தால் என்னை எப்போது கூப்பிடுவீர்கள்?” இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லாதவர் ஹேண்ட்பீஸை (பல் வெட்டும் கருவியை) எடுக்கக் கூடாது என்ற விதியை ஒரு துறை முழுவதும் கடைப்பிடித்தால், பாதிப் பதற்றம் குறையும்.

இன்னொன்று, மாணவர் கையிலிருந்து கருவியை வாங்கிக்கொள்வது. நேரம் ஆகிறது, நோயாளிக்குத் தாடை வலிக்கிறது, ஆசிரியர் கையுறை மாட்டிக்கொண்டு தாமே முடித்துவிடுகிறார். சில சமயம் அது கட்டாயம். நோயாளியின் பாதுகாப்புக்குப் பிறகுதான் மற்றதெல்லாம். ஆனால் ஏன் வாங்கினோம் என்று பிறகு சொல்லாமல் போவது, மாணவர் மனத்தில் “எனக்கு இது வராது” என்று பதிந்துவிடுகிறது. எந்த நிலையில் வாங்குவோம் என்று ஆசிரியர்கள் கூடிப் பேசி வைத்துக்கொள்ளலாம். பற்கூழ் தெரியும் நிலை, கட்டுப்படாத இரத்தக் கசிவு, நோயாளியே நிறுத்தச் சொல்வது என்று ஒரு சிறு பட்டியல் போதும். அதற்கு வெளியே வாங்கினால், அன்று மாலைக்குள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து விளக்க வேண்டும். இதை எந்தச் சான்றிதழ்ப் படிப்பிலும் நான் பார்த்ததில்லை.

நீங்கள் நன்றாகக் கற்பிக்கிறீர்களா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? மாணவர்கள் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்தை மட்டும் நம்ப வேண்டாம். 1973-இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு நடிகரை ‘டாக்டர் ஃபாக்ஸ்’ என்ற நிபுணராக அறிமுகப்படுத்தி, பொருளற்ற, முரண்பாடுகள் நிறைந்த ஓர் உரையை உளவியல், மருத்துவக் கல்வித் துறையினர் முன் கலகலப்பாகப் பேச வைத்தார்கள். கேட்டவர்கள் நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். நேர்மாறான செய்தி 2019-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளிலிருந்து வந்தது. தாங்களே முயன்று விடை தேடிய வகுப்பில் மாணவர்கள் அதிகம் கற்றிருந்தார்கள். ஆனால் மெருகான விரிவுரையில்தான் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள். ஆகவே “வகுப்பு எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். “இன்று நான் சொன்னதில் எது இன்னும் குழப்பமாக இருக்கிறது?” என்று கேளுங்கள். ஒரு வாரம் கழித்து ஐந்து சிறு கேள்விகள் கொடுத்து எவ்வளவு நின்றிருக்கிறது என்று பாருங்கள். அது மாணவருக்கும் லாபம். திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்துச் சொல்லிப் பார்ப்பது நெடுநாள் நினைவுக்கு நல்லது என்று 2006-இல் ரோடிகர், கார்பிக் இருவரும் நடத்திய சோதனைகள் காட்டியிருக்கின்றன.

இனிப் பயிலரங்குகள். இவ்லின் ஸ்டைனர்ட் தலைமையிலான குழு, மருத்துவக் கல்வியில் ஆசிரியர் மேம்பாட்டு முயற்சிகளைப் பற்றிய 53 ஆய்வுகளைத் தொகுத்து 2006-இல் அறிக்கை வெளியிட்டது. பின்னர் 2016-இல் மேலும் 111 ஆய்வுகளோடு அதைப் புதுப்பித்தது. பங்கேற்றவர்களுக்குத் திருப்தி அதிகம், அறிவிலும் நடத்தையிலும் மாற்றம் தெரிகிறது என்பது நல்ல செய்தி. பயன் தரும் பயிற்சிகளின் குணங்களையும் அவர்கள் சுட்டிக்காட்டினார்கள்: செய்து பழகும் வாய்ப்பு, பின்னூட்டம், சக ஆசிரியர்களோடு உறவு, ஒரு நாளோடு முடியாத நீண்ட தொடர்ச்சி. இதைப் படித்த பிறகு, ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சான்றிதழ் வாங்கி வரும் கூட்டத்துக்கு விடுப்பு எடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

பயிலரங்கின் தரத்தை எடைபோட எளிய சோதனை ஒன்று உண்டு. காட்சி வழி கற்பவர், செவி வழி கற்பவர், செயல் வழி கற்பவர் என்று மாணவர்களைப் பிரித்து அதற்கேற்பக் கற்பிக்கச் சொல்கிறார்களா? 2008-இல் உளவியலாளர்கள் இந்தக் கருத்தைப் பரிசீலித்து, அப்படிக் கற்பித்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார்கள். “படிப்பதில் 10 விழுக்காடு, கேட்பதில் 20 விழுக்காடு நினைவில் நிற்கும்” என்று ஒரு கூம்பு காட்டுகிறார்களா? எட்கர் டேல் 1946-இல் வரைந்த கூம்பில் விழுக்காடு எதுவும் இல்லை. அவை பின்னால் ஒட்டிக்கொண்டவை. இந்த இரண்டையும் உண்மையாக முன்வைக்கும் பயிற்சியாளர், மற்றவற்றையும் சரிபார்க்காமல்தான் சொல்வார்.

சேர்வதானால், உங்கள் பணியிடத்தில் ஒரு செயல்திட்டத்தை நடத்தச் சொல்லும் பயிற்சியில் சேருங்கள். 2000-இல் தொடங்கப்பட்ட ஃபைமர் (FAIMER) என்ற பன்னாட்டு மருத்துவக் கல்வி அமைப்பு ஆசிரியர்களுக்கு நடத்திய பயிற்சித் திட்டம் அப்படிப்பட்டது: சில நாள்கள் நேரில் கூடுவார்கள், இடைப்பட்ட மாதங்களில் தத்தம் கல்லூரியில் ஒரு மாற்றத்தைச் செய்து காட்ட வேண்டும். இந்த வடிவத்தைப் பின்பற்றும் படிப்புகள் பல இடங்களில் இருக்கின்றன. விண்ணப்பிக்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நான் கற்பிப்பதை யாராவது வந்து பார்ப்பார்களா? படிப்பு முடிந்து ஆறு மாதம் கழித்து என்ன மாறியது என்று யாராவது கேட்பார்களா? பயிற்சிகளை மதிப்பிட டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959-இல் வகுத்த நான்கு நிலைகளில் முதல் நிலை பங்கேற்றவரின் திருப்தி. பெரும்பாலான பயிற்சிகள் அதோடு நின்றுவிடுகின்றன.

மாணவர்களுக்குத் தேர்வு வைக்கும் விஷயத்தில் மட்டும் இணையவழிப் படிப்பு தாராளமாகப் போதும். பலவிடைத் தெரிவு வினா எழுதுவது, ஆஸ்கி (OSCE, மாணவர் ஒவ்வொரு நிலையமாகச் சென்று திறனைச் செய்து காட்டும் தேர்வு) நிலையங்கள் வடிவமைப்பது, வினாத்தாளுக்கு முன்வரைவு போடுவது எல்லாம் விதிகள் உள்ள வேலை. வீட்டில் உட்கார்ந்தே கற்கலாம். ஆஸ்கி தேர்வை ரொனால்டு ஹார்டன் ஸ்காட்லாந்தின் டண்டீயில் 1975-இல் அறிமுகப்படுத்தினார். அதன்பின் எழுதிக் குவிக்கப்பட்ட வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை. படிக்கும்போது ஜார்ஜ் மில்லர் என்ற பெயர் அடிக்கடி வரும். அறிதல், எப்படி என்று அறிதல், செய்து காட்டல், நடைமுறையில் செய்தல் என்று பிரமிடு வரைந்தவர் மருத்துவர் ஜார்ஜ் ஈ. மில்லர், 1990. குறுகிய கால நினைவில் ஏழு, கூடினாலும் குறைந்தாலும் இரண்டு என்றவர் உளவியலாளர் ஜார்ஜ் ஏ. மில்லர், 1956. இருவரும் வேறு வேறு ஆட்கள்.

செவிலியர், இயன்முறை மருத்துவ ஆசிரியர்களோடும் பழகுங்கள். பொம்மை நோயாளியை வைத்துப் பயிற்சி நடத்தியபின் மாணவர்களை உட்கார வைத்துப் பேசும் கலையில் செவிலியர் கல்வி நம்மைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறது. பல் மருத்துவத்தில் பேன்டம் ஹெட் என்ற பொம்மைத் தலையில் மூன்று மணி நேரம் வெட்ட வைத்துவிட்டு, மதிப்பெண் போட்டு அனுப்பிவிடுகிறோம்.

பதவி உயர்வைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஆராய்ச்சிக் கட்டுரைகளை எண்ணுவதுபோல் கற்பித்தலை எண்ணுவதில்லை. கற்பித்தலும் ஆய்வைப் போன்ற புலமைதான் என்று அமெரிக்கக் கல்வியாளர் எர்னஸ்ட் பாயர் 1990-இல் வாதிட்டார். அவர் கேட்டது இன்னும் பல இடங்களில் நடைமுறைக்கு வரவில்லை. எனவே இன்றிலிருந்தே ஒரு கோப்பு வைத்துக்கொள்ளுங்கள்: மாற்றி எழுதிய பாடத்திட்டப் பகுதி, காலிபரேஷனுக்கு முன்னும் பின்னும் வந்த எண்கள், சகா ஒருவர் உங்கள் வகுப்பைப் பார்த்து எழுதிய குறிப்பு. பாராட்டுக் கடிதங்களை இதில் சேர்க்க வேண்டாம்.

முதுநிலைப் பட்டம் பிறகு. முதல் மூன்று ஆண்டுகளில் அதற்கு அவசரம் இல்லை. அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்கு உங்களிடம் இன்னும் சொந்தமான பதில்கள் இருக்காது, புத்தகத்தைத் திருப்பிச் சொல்வீர்கள். பாடத்திட்டக் குழுவிலோ தேர்வுக் குழுவிலோ பொறுப்பு வரும்போது சேருங்கள். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் போன்ற பல்கலைக்கழகங்கள் பெரும்பகுதியைத் தொலைநிலையிலேயே நடத்துகின்றன, வேலையை விட வேண்டியதில்லை. ஆனால் விண்ணப்பிக்கும் முன் துறைத் தலைவரிடம் வாரத்தில் அரை நாள் கிளினிக் பணியிலிருந்து விலக்கு வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியில் சரி என்றால், மின்னஞ்சலில் உறுதிப்படுத்தச் சொல்லுங்கள். அது கிடைக்காவிட்டால் அந்த ஆண்டு விண்ணப்பிக்காதீர்கள்.